கால் மில்லிமீட்டர் இடைவெளி

ஊருக்குப் போய் இருபது நாள் தங்கிவிட்டுக் கோவைக்குத் திரும்பிய மறுநாள் காலை. மார்கழிப் பனி கூரை ஓரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. புல்லட்டைத் திண்ணையோரத்திலிருந்து வெளியே தள்ளிக்கொண்டுவந்து, ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல அமுக்கி, டிகம்ப்ரஷரைப் பிடித்து பிஸ்டனை ஓர் இம்மி தாண்டவிட்டு, ஒரே மிதி. பிடித்துக்கொண்டது. இருபது நாள் சும்மா நின்ற வண்டி முதல் உதையில் ஸ்டார்ட் ஆனால் யாருக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். அந்த நிமிர்வோடு கிளட்சை முழுதாகப் பிடித்து, வலது பாதத்தால் கியரைத் தூக்கினேன். 'டங்' என்றொரு சத்தம். வண்டி எம்பிக் குதித்து, எதிரே யாரோ கட்டட வேலைக்கு இறக்கிவைத்திருந்த செங்கல் அடுக்கில் முட்டி அணைந்தது. கிளட்ச் லீவர் அப்போதும் என் விரல்களுக்குள் இறுகித்தான் இருந்தது.

பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே இருப்பவர் அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியை அறிந்தவர். நான் சொல்லி முடிக்கும்வரை டீ கிளாசைக் கீழே வைக்கவில்லை.

"பிளேட்டு ஒட்டிக்கிச்சுங்க தம்பி. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால கிளட்ச்சைப் புடிச்சுட்டு நாலு ஒதை ஒதைக்கோணுமுங்க. அப்பா சொல்லித் தரலீங்களா?"

சொல்லித் தந்திருந்தார். தினமும் ஓடுகிற வண்டியில் அது தேவைப்படாததால் எனக்கு மறந்துபோயிருந்தது. ஏன் ஒட்டுகிறது, உதைத்தால் ஏன் விடுகிறது என்று அவரிடம் கேட்டேன். "நின்னா ஒட்டும், ஒதைச்சா விடுமுங்க" என்றார். நாற்பது வருடம் புல்லட்டைப் பிரித்துப் பூட்டியவருக்கு அந்த விளக்கம் போதும். எனக்குப் போதவில்லை. அந்த வாரமே கிளட்சைத் திறந்து பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

வண்டி 1984 மாடல். திருவொற்றியூரில் செய்தது. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்சும் கைகோத்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே வார்க்கத் தொடங்கினார்கள். ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. பிறந்த வீட்டில் நின்றுபோன அந்த வடிவம் புகுந்த வீட்டில் பெரிய மாற்றம் இல்லாமல் 2010 வாக்கு வரை ஓடியது. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர். எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர் பெட்டிக்கு வேறொன்று, இடப்பக்கச் செயின் கேசுக்கு இன்னொன்று என்று மூன்று வயிறு இந்த வண்டிக்கு. நம் கதை மூன்றாவது வயிற்றில்தான் நடக்கிறது.

எஞ்சினின் கிராங்க் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஓர் இரட்டைச் செயின் பின்னால் இருக்கும் கிளட்ச் டிரம்மைச் சுற்றுகிறது. டிரம்முக்குள் பிளேட்டுகள் அடுக்கி இருக்கின்றன. இரண்டு சீட்டுக்கட்டுகளை ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டாகக் கோத்ததுபோல இந்த அடுக்கு. ஒரு கட்டு, உராய்வு லைனிங் ஒட்டிய பிளேட்டுகள். அவற்றின் வெளி விளிம்பில் உள்ள காதுகள் டிரம்மின் பள்ளங்களில் உட்கார்ந்திருப்பதால் அவை எஞ்சினோடு சுற்றும். இன்னொரு கட்டு, வெறும் இரும்புத் தகடுகள். அவற்றின் உள்விளிம்பில் இருக்கும் பற்கள் நடு ஹப்பில் மாட்டியிருப்பதால் அவை கியர் பெட்டியோடு சுற்றும். எல்லாவற்றுக்கும் மேல் பிரஷர் பிளேட். அதை ஸ்பிரிங்குகள் அழுத்துகின்றன. அழுத்தம் இருக்கும்வரை இரண்டு கட்டும் ஒரே கட்டைபோலச் சுற்றும். எஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போகும்.

கிளட்ச் லீவரை இழுத்தால் கேபிள் வழியாக அந்த இழுப்பு வண்டியின் வலப்பக்கத்துக்கு, கியர் பெட்டிக்குப் போகிறது. அங்கே உள்ள சிறு நெம்பு ஒரு தண்டைத் தள்ளுகிறது. கியர் பெட்டியின் முக்கிய அச்சு உள்ளே குழாயாக இருப்பதால், தண்டு அதற்குள்ளேயே வலமிருந்து இடம்வரை ஊடுருவிப்போய்ப் பிரஷர் பிளேட்டை வெளிப்பக்கம் தள்ளுகிறது. வலப்பக்கம் இழுத்து இடப்பக்கம் திறக்கும் இந்த ஏற்பாட்டை நான் முதலில் பார்த்தபோது, வீட்டின் கொல்லைக் கதவைத் தள்ளி வாசல் கதவைத் திறக்கும் வேலையாகத் தோன்றியது. ஆனால் வேலை செய்கிறது.

இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். லீவரைப் பிடித்தால் பிளேட்டுகள் பிரிந்துவிடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். லீவர் பிளேட்டுகளைப் பிரிப்பதே இல்லை. மேலே இருக்கும் ஒரே ஒரு பிரஷர் பிளேட்டைத் தூக்குகிறது. அதாவது அழுத்துவதை நிறுத்துகிறது. உள்ளே அடுக்காக இருக்கும் மற்ற பிளேட்டுகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குவதற்கு அங்கே எதுவும் கிடையாது. ஆள் இல்லை, ஸ்பிரிங் இல்லை, நெம்பு இல்லை. அழுத்தம் போனதும் அவை தாமாக நழுவ வேண்டும். சுழற்சியும் எண்ணெயின் ஓட்டமும் எஞ்சினின் அதிர்வும் சேர்ந்து அந்த நழுவலைச் செய்துகொடுக்கும் என்ற நம்பிக்கையில் வடிவமைத்த பொறி இது. பெரும்பாலான நாட்களில் நம்பிக்கை வீண்போவதில்லை.

எவ்வளவு நழுவ வேண்டும்? கணக்குக்காக, பிரஷர் பிளேட் 2 மில்லிமீட்டர் எழும்புகிறது என்றும், உள்ளே ஒன்றோடொன்று உரசும் முகங்கள் எட்டு என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 2 மில்லிமீட்டரை எட்டுப் பேர் பங்குபோட வேண்டும். ஒரு முகத்துக்குக் கிடைப்பது கால் மில்லிமீட்டர். கல்யாணப் பத்திரிகை அட்டையின் தடிமன். அதுவும் எட்டுப் பேரும் நியாயமாகப் பிரித்துக்கொண்டால்தான். ஒட்டாத ஓர் இடைவெளி மொத்த 2 மில்லிமீட்டரையும் விழுங்கிவிட்டால் மற்ற ஏழும் பட்டினி.

அப்படியானால் ஒட்டவைப்பது எது? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது ஒரு கண்ணாடிக் கடையில். ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்கப் போயிருந்தேன். மழையில் நனைந்த இரண்டு கண்ணாடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கடைப் பையன் அவற்றைப் பிரித்தெடுக்க முயலவே இல்லை. கீழே இருந்ததை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலே இருந்ததைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினான். வெண்ணெயில் வழுக்குவதுபோல வந்துவிட்டது. தூக்கியிருந்தால் கண்ணாடி உடைந்திருக்கும், கையும் கிழிந்திருக்கும். புதுக் கண்ணாடிகளுக்கு நடுவே காகிதம் வைத்து அடுக்குவதன் ஒரு காரணமும் இதுதான்.

இந்த ஒட்டுதலை அளந்து கணக்காக எழுதியவர் ஆஸ்திரிய இயற்பியலாளர் ஜோசப் ஸ்டெஃபான். பள்ளிக்கூடத்தில் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மென் விதி படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர்தான். சூடான பொருளின் கதிர்வீச்சுக்கான அந்த விதிக்கு ஐந்து வருடம் முன்னால், 1874இல், திரவத்தில் முழுகிய இரண்டு தட்டுகளைப் பிரிக்கும் பரிசோதனைகளை வெளியிட்டார். இதற்கு அவர் வைத்த பெயரே 'தோற்ற ஒட்டுதல்' என்பதுதான். பசை எதுவும் இல்லை, ஒட்டியிருப்பதுபோலத் தோன்றுகிறது. தட்டுகளைப் பிரிக்க வேண்டுமென்றால் நடுவில் உண்டாகும் இடத்தை நிரப்ப ஓரத்திலிருந்து திரவம் உள்ளே ஓடிவர வேண்டும். வழி குறுகலாக இருந்தால் அது ஓடிவராது. உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்று தட்டுகளைச் சேர்த்து அமுக்கும். அவர் கண்ட கணக்கு இது: ஒரே வேகத்தில் பிரிக்கத் தேவையான விசை, திரவத்தின் பாகுநிலைக்கு நேர்விகிதத்திலும், படலத்தின் தடிமனின் கனத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். படலம் பாதியானால் விசை 8 மடங்கு. பத்தில் ஒன்றானால் 1000 மடங்கு.

பக்கவாட்டில் தள்ளும்போது நிலைமையே வேறு. அங்கே புதிய இடம் எதுவும் உண்டாவதில்லை; எண்ணெய் எங்கிருந்தும் ஓடிவர வேண்டியதில்லை. படலத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கினால் போதும். அதற்கான விசை தடிமனுக்கு நேர் எதிர்விகிதம் மட்டுமே. படலம் பத்தில் ஒன்றானால் 10 மடங்குதான் கூடும். ஆயிரத்துக்கும் பத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் கடைப் பையனின் கை அறிந்து வைத்திருந்தது. 'ஒதைச்சா விடும்' என்ற பட்டறைக்காரரின் காலும் அறிந்து வைத்திருக்கிறது.

நின்றால் ஏன் ஒட்டும் என்பதற்கும் அதே கணக்குதான், திருப்பிப் போட்டது. ஸ்பிரிங் இரவும் பகலும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. நடுவில் உள்ள எண்ணெய் ஓரம் வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. படலம் மெலிய மெலிய வழி குறுகுவதால் கசிவும் மெதுவாகிறது. கோட்பாட்டின்படி தடிமன், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒரு மணி நேரத்தில் இருந்த தடிமன் 100 மணி நேரத்தில், அதாவது நாலு நாளில், பத்தில் ஒன்றாகும். நிஜக் கிளட்சில் இது இவ்வளவு சுத்தமாக நடக்காது. லைனிங் சொரசொரப்பானது, அதில் நுண்துளைகளும் பள்ளங்களும் உண்டு, மேடுகள் இரும்பைத் தொட்டபின் படலம் அதற்குமேல் மெலிய முடியாது. அதன் பிறகு வேறு விஷயங்கள் தொடங்குகின்றன. மேடுகள் இரும்பில் மெல்லப் பதிகின்றன. பழைய எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து பிசினாகிறது. மழைக்காலத்தில் செயின் கேசுக்குள் ஈரம் வியர்த்து, எண்ணெய் வடிந்த இடங்களில் இரும்புத் தகடு துருப்பிடிக்கிறது. ஒரு நாள் நின்றதற்கும் ஒரு மாதம் நின்றதற்கும், பத்து வருடம் மாட்டுக் கொட்டகையில் நின்றதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதலாவது ஸ்டெஃபானின் பிரச்சினை. கடைசியானது துருவின் பிரச்சினை. அதற்கு உதை உதவாது, ஸ்பானர்தான்.

தொட்டுக்கொண்டு நிற்கும் நேரம் கூடக்கூட உராய்வும் கூடும் என்பதை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் ஷார்ல் கூலும். மின்னூட்டத்தின் அலகுக்குப் பெயர் கொடுத்த அதே பிரெஞ்சுக்காரர். ராணுவப் பொறியாளராக ரோஷ்ஃபோர் கப்பல் கட்டும் துறையில் வேலை பார்த்தபோது, மரத்தின்மேல் மரத்தை வைத்து எடையேற்றி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, பிறகு இழுத்துப் பார்த்தார். உடனே இழுப்பதைவிடக் காத்திருந்து இழுத்தால் கூடுதல் விசை தேவைப்பட்டது. சாய்தளத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்த கப்பலைக் கடலுக்குள் நகர்த்துகிறவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. 1785இல் அச்சான அந்த ஆய்வு இன்றைக்கும் உராய்வுப் பாடத்தின் அஸ்திவாரம்.

இப்போது அந்த நாலு உதைக்கு வருவோம். பழைய புல்லட்டில் கிக்கர் நேராக எஞ்சினைச் சுற்றுவதில்லை. கியர் பெட்டியின் அச்சைச் சுற்றுகிறது. அது கிளட்சின் நடு ஹப்பைச் சுற்றுகிறது. அங்கிருந்து பிளேட்டுகள், டிரம், செயின் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. வண்டி நியூட்ரலில் இருக்க, கிளட்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தால், ஹப்போடு இருக்கும் தகடுகள் சுற்றப் பார்க்கும். டிரம்மோடு இருக்கும் பிளேட்டுகளை எஞ்சினின் கம்ப்ரஷன் பிடித்து நிறுத்தும். ஆக, இரண்டு கட்டுக்கும் நடுவில் விழுவது பக்கவாட்டுத் தள்ளல். கண்ணாடிக் கடைப் பையனின் தள்ளல். லீவரால் ஆயிரம் மடங்குச் சண்டை போட வேண்டிய இடத்தில் உதை பத்து மடங்கோடு வேலையை முடித்துவிடுகிறது.

இதிலேயே இலவசமாக ஒரு பரிசோதனையும் இருக்கிறது. கிளட்சைப் பிடித்து மிதிக்கும்போது கால் கம்ப்ரஷனை உணர்ந்தால், எஞ்சின் சுற்றுகிறது. பிளேட் இன்னும் ஒட்டியிருக்கிறது. மிதி எந்த எதிர்ப்பும் இல்லாமல் சொத்தென்று கீழே போனால் விட்டுவிட்டது. சாவியைப் போடாமலே செய்யவேண்டிய காரியம் இது. கம்ப்ரஷனைத் திறந்துவிடும் டிகம்ப்ரஷரைத் தொடக்கூடாது. கம்ப்ரஷன்தானே இங்கே நமக்காக டிரம்மைப் பிடித்து வைத்திருக்கும் ஆள்; அவனை அனுப்பிவிட்டால் எஞ்சினும் சேர்ந்து சுற்றிக்கொண்டு பிளேட் அப்படியே இருக்கும். இந்தத் தப்பை நான் இரண்டு வாரம் செய்தேன்.

என் வண்டியின் கோளாறு உதையோடு தீரவில்லை. உதைத்து விடுவித்தபின் முதல் கியர் 'டங்' இல்லாமல் விழுந்தது. ஆனால் சிக்னலில் நின்றால் நியூட்ரல் கிடைக்கவில்லை. கிளட்சைப் பிடித்தபடியே வண்டி முன்னால் நகரப் பார்த்தது. பிளேட் ஒட்டுவது வேறு, இப்படி இழுப்பது வேறு. ஆனால் இரண்டும் அந்தக் கால் மில்லிமீட்டரைச் சுற்றித்தான் வருகின்றன. முகங்கள் போதுமான அளவு விலகாவிட்டால், நடுவில் உள்ள எண்ணெய்ப் படலமே ஒரு கட்டின் சுழற்சியை இன்னொரு கட்டுக்குக் கடத்திவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் உட்கார்ந்தோம். கவரைக் கழற்றத்தான் எனக்கு ஆசை. அவர் என் கையிலிருந்து ஸ்பானரை வாங்கிக் கீழே வைத்தார். "மொதல்ல கேபிளைப் பாருங்க. பாதி வண்டிக்கு அதுதானுங்க நோய்." லீவர் நகர்ந்து கேபிள் இறுகுவதற்குள் எவ்வளவு சும்மா ஆடுகிறது என்று பார்த்தோம். 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டியதுதான். அது இல்லாவிட்டால் ஸ்பிரிங் முழுதாக அழுத்தாமல் கிளட்ச் வழுக்கும். என் வண்டியில் அதைப்போல் இரண்டு பங்குக்கு மேல் ஆடியது. கேபிளின் வெளி உறையும் ஓரிடத்தில் நைந்து, லீவரை இழுக்கும்போதெல்லாம் வளைந்து சுருங்கியது. நாம் இழுக்கிற இழுப்பில் ஒரு பங்கை உறை தின்றுவிடுகிறது.

இதன் விலை என்ன? லீவர் 10 மில்லிமீட்டர் கம்பியை இழுத்தால் பிரஷர் பிளேட் 2 மில்லிமீட்டர் எழும்பும் என்று வைத்துக்கொண்டால், கேபிளில் 3 மில்லிமீட்டர் வீணானால் பிளேட்டில் 0.6 மில்லிமீட்டர் வீண். எட்டு முகத்துக்கும் மிச்சம் இருப்பது 1.4. கால் மில்லிமீட்டராக இருந்த பங்கு 0.18க்கு வந்துவிட்டது. கைக்குத் தெரியாத தொய்வு கிளட்சுக்குத் தெரிகிறது. புதுக் கேபிள் போட்டு, கியர் பெட்டியின் வலப்பக்கச் சிறு மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் அட்ஜஸ்டரையும் சரிசெய்தோம். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பாதி சரியாகியிருந்தது.

மீதிப் பாதிக்குக் கவரைத் திறந்தோம். இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், அதன்பின் செயின் கேஸ் மூடியின் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. இவ்வளவு பெரிய மூடியை ஒரே நட்டில் நிறுத்திய ரெடிச் பொறியாளர்களை ஒருபக்கம் பாராட்டலாம். புல்லட் நின்ற இடமெல்லாம் எண்ணெய்ப் பொட்டு விழுவதற்கு இன்னொருபக்கம் திட்டலாம். உள்ளே இருந்து வடிந்த எண்ணெய் கறுத்து, வெல்லப்பாகு பதத்தில் இருந்தது. யாரோ ஒரு சமயம் கியர் எண்ணெயை ஊற்றியிருக்க வேண்டும் என்றார் அவர். அந்த யாரோ நானாகவும் இருக்கலாம்.

பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் படுக்கவைத்தார். மறுபடியும் கண்ணாடி. பட்டறையில் அதைவிடத் தட்டையான பொருள் வேறெதுவும் இல்லை. இரும்புத் தகட்டின் ஓரத்தில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய இதழைச் செருகிக்கொண்டே வந்தார். மூன்று தகடுகளில் 0.05 இதழ்கூட நுழையவில்லை. ஒன்றில் 0.15 நுழைந்தது. கிளட்சைப் பாதி பிடித்தபடி மேட்டில் வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் செய்யும் வேலை இது. உராய்வின் சூடு தகட்டின் ஒரு பகுதியை மட்டும் விரியச் செய்கிறது. சுற்றியிருக்கும் ஆறிய பகுதி இடம் கொடுக்காததால் தகடு வளைந்துவிடுகிறது. ஆறியபின்னும் வளைவு போவதில்லை. கால் மில்லிமீட்டர் இடைவெளியில் 0.15 மில்லிமீட்டர் வளைவு என்றால், ஒரு முழ அகலச் சந்தில் அரை முழத்துக்கும் கூடுதலான அகலம் உள்ள ஆள் நிற்பதுபோலத்தான். அந்த ஒரு தகட்டை மட்டும் மாற்றினோம்.

பிறகு டிரம்மின் பள்ளங்களை விரல் நகத்தால் வருடச் சொன்னார். பிளேட்டின் காதுகள் வருடக்கணக்கில் மோதி மோதி, பள்ளத்தின் சுவரில் சிறு படிகள் விழுந்திருந்தன. அழுத்தம் போனதும் பிளேட் இந்தச் சுவரோடு சறுக்கித்தான் விலக வேண்டும். படியில் காது சிக்கினால் அங்கேயே நின்றுவிடும். மெல்லிய அரத்தால் படிகளை மட்டும் நீவிவிட்டார். எல்லாப் பக்கமும் ஒரே அளவு, ஆழமாகப் போகாமல். இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கவே நன்றாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூன்று தேய்ப்பு, ஒரு வருடல், ஒரு ஊதல். பேச்சே இல்லை.

ஊதியது எனக்குப் பிடிக்கவில்லை, சொன்னேன். அங்கே பறந்தது இரும்புத் தூள்தான். ஆனால் பழைய கிளட்ச் லைனிங்குகளில் கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதன் இழைகள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. இருபது முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டலாம். வழவழத்துப்போன லைனிங்கை உப்புத்தாளால் காயத்தேய்ப்பதும், காற்றடித்துச் சுத்தம் செய்வதும் நம் பட்டறைகளில் இன்றும் சாதாரணம். ஈரத்துணியால் துடையுங்கள், தூளைப் பறக்கவிடாதீர்கள். இதைவிடப் பழைய சில பிரிட்டிஷ் வண்டிகளில் கார்க் துண்டுகள் பதித்த பிளேட்டுகள் இருந்தன. அவை எண்ணெயில் நன்றாகவே வேலை செய்தன. நுரையீரலுக்கும் தொந்தரவு இல்லை.

கடைசி விஷயம் எண்ணெய். இதில்தான் பட்டறைக்கொரு மதம். ஸ்டெஃபானின் கணக்கில் பாகுநிலை நேர்விகிதத்தில் வருகிறது. எனவே எந்த எண்ணெய் என்பது வெறும் நம்பிக்கை சார்ந்தது அல்ல. சாதாரண 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெய் 100 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 18 சென்டிஸ்டோக் பாகுநிலை கொண்டது. 40 டிகிரியில் அதுவே 150க்கு மேல். மார்கழிக் காலையின் 20 டிகிரியில் இன்னும் இரண்டு மூன்று மடங்கு. காலையில் நியூட்ரல் கிடைக்காத வண்டிக்குப் பத்து கிலோமீட்டர் ஓடியபின் தானே கிடைப்பது இதனால்தான். அதே கால் மில்லிமீட்டர், ஆனால் எண்ணெய் இளகிவிட்டது. தானியங்கி கியர் உள்ள கார்களுக்கான ஏடிஎஃப் எண்ணெய் 40 டிகிரியிலேயே 35 சென்டிஸ்டோக்கை ஒட்டித்தான் இருக்கும். அதனால்தான் பழைய புல்லட்காரர்கள் பலர் செயின் கேசில் அதை ஊற்றுகிறார்கள். கார் எஞ்சினுக்கான சில நவீன எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்த்திருப்பார்கள். எரிபொருள் மிச்சமாகும், ஆனால் எண்ணெயில் முழுகிய கிளட்ச் வழுக்கும். பைக் எண்ணெய் டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்று போட்டிருப்பது இந்தத் தொந்தரவு இல்லை என்பதற்கான ஜப்பானியத் தரக்குறியீடு. என் வண்டிக்கு ஏடிஎஃப் ஊற்றினோம், லெவல் திருகு மட்டம்வரை. அதற்குமேல் ஊற்றுவது பிளேட்டுகளைக் குளத்தில் சுற்றச் சொல்வதுதான்.

ஸ்பிரிங்கைத் தொடவில்லை. கிளட்சில் எந்தக் குறை வந்தாலும் கனமான ஸ்பிரிங் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வழுக்குவதற்கு அது ஒருவேளை மருந்தாகலாம். ஒட்டுவதற்கு அது நோயை வளர்க்கிற மருந்து: நிற்கும்போதெல்லாம் எண்ணெயை இன்னும் வேகமாகப் பிழிந்து வெளியேற்றும், கேபிளையும் இன்னும் கூடுதலாகச் சுருங்கவைக்கும்.

இப்போது ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போவதாக இருந்தால், கிளட்ச் லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துப் பழைய சைக்கிள் டியூப் துண்டால் கட்டிவிட்டுப் போகிறேன். பிளேட்டின்மேல் அழுத்தம் இல்லை; பிழியப்பட எதுவும் இல்லை. திரும்பி வந்ததும் அவிழ்த்துவிட்டு, சாவி போடுவதற்கு முன் அந்த நாலு உதை. போன மார்கழியில் மூன்றாவது உதையிலேயே மிதி சொத்தென்று இறங்கியது.

உங்கள் வீட்டில் பழைய புல்லட் நின்றுகொண்டிருந்து, கிளட்ச் ஒட்டுகிறது, பிளேட் செட் முழுதாக மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்குமுன் கேபிளின் ஆட்டத்தையும் செயின் கேஸ் எண்ணெயையும் ஒரு தடவை பாருங்கள். என் வண்டியில் மாற்றியது ஒரு கேபிள், ஒரு தகடு, எண்ணெய். லைனிங் பிளேட்டுகள் அப்பா போட்டவைதான், இன்னும் ஓடுகின்றன.